மேஸ்திரிக்காகப் பிடித்த கியூபா சுருட்டு

போன மாதம் செஞ்சி ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் டாக்டர் பெண் தலையை நிமிர்த்தாமல் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனது. வெற்றிலை உண்டா, பொடி உண்டா? இல்லை, இல்லை என்றேன். கிழவிதானே என்று ஒப்புக்கு, "சுருட்டு உண்டா?" என்றது.

"உண்டும்மா. தொழிலுக்காக நெறைய புடிச்சிருக்கேன். ஆசைக்குப் புடிச்சது ஒண்ணே ஒண்ணு. அது கியூபா சுருட்டு" என்றேன்.

பேனா நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவன், "கெழவி கத ஆரம்பிச்சிடுச்சு, இன்னிக்கு ஊசி போட்ட மாதிரிதான்" என்று முணுமுணுத்தான். அவனுக்காகவே நான் எழுந்துகொண்டேன். ஆனால் அந்தப் பெண் விடவில்லை. "எழுதிக் குடுங்க பாட்டி, நெஜமாவே படிப்பேன்" என்றது. எட்டாவது வரை கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவள் நான். எழுத என்ன வலிக்கிறது? எழுதிவிட்டேன்.

என் பெயர் லூர்து மேரி. சிங்கவரம் போகும் சாலையில், ராஜகிரி மலை நேரெதிரே தெரிய, ஒரு சுருட்டுக் கொட்டகை இருந்தது. அங்கேதான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. என்னைப் பெற்ற நைனாவுக்கு ஏற்றம் இறைக்கும்போது விழுந்து இடுப்பு போய்விட்டது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் நான் போயாக வேண்டும், போனேன். முதலில் இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுக்கும் வேலை. பிறகு உள்ளே வைக்கும் இலையைச் சேர்ப்பது. அதற்கும் பிறகுதான் பலகையும் கத்தியும் கொடுத்து மேலிலை சுற்ற உட்காரவைத்தார்கள். கை நாறும், முடி நாறும், பூசைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து உட்காருவாள். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். நடு நரம்பை எடுத்தால் இலை இரண்டு பாதியாகும். சுருட்டின் மேலே சுற்றும்போது சிறு நரம்புகள் உள்பக்கம் போய், வழவழப்பான பக்கம் வெளியே வர வேண்டும். அப்படிச் செய்தால் இடது பாதி ஒரு பக்கமாகத்தான் சுற்றும், வலது பாதி எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றும். கை பழகுவதற்காக எங்களைப் பிரித்துவைத்திருந்தார்கள். நான் இடப்பாதிக்காரி. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அஞ்சலை வலப்பாதிக்காரி. கொட்டகைக்குள் இதுதான் எங்கள் சாதி, இதுதான் எங்கள் கட்சி. சண்டை வந்தால்கூட, "வலப்பாதி புத்தி எங்க போவும்?" என்றுதான் திட்டிக்கொள்வோம்.

கொட்டகைக்காரர் சமணர். ஊரே அவரை நயினார் என்று கூப்பிடும். மல்லாட்டை வியாபாரம்தான் அவருக்குச் சொந்தத் தொழில். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கூட்டாளி ஒருவர் விட்டுவிட்டுப் போனதால் சுருட்டுக் கொட்டகை அவர் தலையில் விழுந்தது. பொழுது சாய்ந்தால் சோறே தொடாத மனுஷர், புகையிலையையா தொடுவார்? கொட்டகைக்குள் வந்தாலே மேல்துண்டு மூக்குக்குப் போய்விடும். தான் விற்கும் பொருள் நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல கன்னியப்ப மேஸ்திரி இருந்தார்.

மேஸ்திரி அதட்டி நான் கேட்டதில்லை. சுற்றி முடித்த சுருட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு விரலால் உருட்டுவார். என்ன கேட்பாரோ தெரியாது. சரியில்லை என்றால் அதை ஒடித்து, சுற்றியவளின் பலகையில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். மத்தியானம் கஞ்சி குடித்த பிறகு அன்றைய சுருட்டில் ஒன்றை எடுத்துப் பற்றவைப்பார். நாங்கள் கையை நிறுத்திவிட்டு அவர் தொண்டையையே பார்ப்போம். மூன்றாவது இழுப்பில் "க்கும்" என்று ஓர் இருமல் வரும். வந்துவிட்டால் சரக்கு தேறியது என்று அர்த்தம். நயினாரும் வாசலில் நின்று அந்த இருமலைக் கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை மிதிப்பார். எங்கள் ஊர்க் கணக்கு அப்படி. தொண்டையைக் கவ்வினால்தான் சுருட்டு. கவ்வாதது வாழைச்சருகு.

பாண்டிச்சேரி நம்மோடு சேர்ந்த கொஞ்ச காலத்தில் கொட்டகைக்குக் கெட்ட காலம் வந்தது. பெட்டிக்கடைகளில் பீடியும் சிகரெட்டும் ஏறிக்கொண்டே போக, சுருட்டு வாங்க ஆளில்லை. அறுவடை முடிந்ததும் கொட்டகையை மூடிவிட்டு மல்லாட்டை மூட்டை அடுக்கப்போவதாக நயினார் சொல்லிவிட்டார். பாவம், கெட்டவர் இல்லை. சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. நைனாவை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

அந்தச் சமயத்தில்தான் சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் தமிழர்களைப் பாண்டியில் சொல்தா என்பார்கள். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கால்சட்டை. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்தும் இஸ்திரி கலையவில்லை. பையிலிருந்து ஒரு தகரக் குழாயை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு சுருட்டை உருவி நயினார் முன்னால் வைத்தார்.

"இது கியூபா தேசத்துச் சரக்கு. கப்பல்ல வேலை செய்யற என் மச்சான் கொண்டாந்தது. டாக்டரு எனக்குக் காரமே ஆகாதுன்னுட்டாரு. இதுல காரம் கெடையாது, ஆனா மத்தது எல்லாம் இருக்கும். இந்த மாதிரி நீங்க செஞ்சு குடுத்தா, எனக்கும் எங்க சங்கத்து ஆளுங்களுக்கும் மாசாமாசம் இங்கதான் வாங்குவோம்" என்றார். மாதிரிக்கு அந்த ஒன்றை வைத்துவிட்டு, பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஒன்றே ஒன்று. எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் பிரிக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கொளுத்த வேண்டும். பிரித்ததைக் கொளுத்த முடியாது, கொளுத்தியதைப் பிரிக்க முடியாது. அது தவறிப்போனால் கொட்டகையில் மல்லாட்டை மூட்டை.

மேஸ்திரி அதைப் பல நாள் தொடவேயில்லை. தகரக் குழாயோடு பார்ப்பார், மூடுவார். கடைசியில் ஒரு மார்கழிக் காலையில், பனி இறங்கிக்கொண்டிருந்தபோதே எங்களை வரச் சொன்னார். வெயில் ஏறினால் புகையிலை நொறுங்கும், பனியில்தான் துணி மாதிரி வளையும். ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டித் துண்டைப் போட்டு, சுருட்டை நடுவில் வைத்தார். கத்தியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு சரிபாதியாக வெட்டினார். வாயில் வைக்கும் பாதி கொளுத்த, மறுபாதி பிரிக்க. நயினார் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

பிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மேலிலை வெங்காயச் சருகைவிட மெல்லிசு. ஆனால் இழுத்தால் கிழியவில்லை, இழுவைக்குக் கூடவே வந்தது. நரம்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மேஸ்திரி அது சுற்றியிருந்த திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததேயில்லை.

"மேரி, இங்க பாரு. இது இடப்பாதி. அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தி உக்காந்து சுத்தியிருக்கா!"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கியூபா எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கேயும் இலையை இரண்டாகக் கிழித்து, நரம்பை உள்ளே தள்ளி, நான் சுற்றுகிற அதே பக்கமாக ஒருத்தி சுற்றியிருக்கிறாள். அஞ்சலை, "ஐயே, அவளும் உன்ன மாதிரி வாயாடியா இருப்பா" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

உள்ளே பிரித்தபோது மேஸ்திரியே கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். நாங்கள் உள்ளிலையைக் கைப்பிடியாக எடுத்துத் திணிப்போம். அவர்களோ ஒவ்வோர் இலையையும் நீளவாக்கில் புடவைக் கொசுவம் போல மடித்து வைத்திருந்தார்கள். மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே காற்றுக்கு வழி. எந்த இடத்தில் அழுத்தினாலும் ஒரே மெத்து. நாங்கள் தடவும் பிசினோ வெல்லத் தண்ணீரோ தொட்ட அடையாளமே இல்லை. மூன்று தினுசு இலை இருந்தது. அதில் பாதிக்கு மேல் வெளிறின, மெல்லிய இலை. அதை மோந்து பார்த்துவிட்டு மேஸ்திரி சிரித்தார்.

"நயினாரே, இது செடியோட அடி எல! மண்ணு ஒட்டுது, காரமில்லன்னு நாம எருக்குழில போடறோமே, அதேதான்."

பிறகு மறுபாதியைப் பற்றவைத்தார். வழக்கம்போல எல்லோரும் அவர் தொண்டையைப் பார்த்தோம். முதல் இழுப்பு, இரண்டாவது, மூன்றாவது. இருமல் வரவில்லை. பலமாக இழுத்தார். கன்னம் ஒட்டிப்போக இழுத்தார். ஊஹூம். அஞ்சலை வாய்விட்டே, "மாதாவே, ஒரு இருமலக் குடு" என்றாள். அவளுக்கு மாதா கிடையாது, மாரியம்மன்தான். அன்றைக்கு என் சாமியையும் கூப்பிட்டுப் பார்த்தாள்.

மேஸ்திரி சுருட்டைக் கீழே வைத்தார். "சப்புன்னு இருக்குது. இவ்ளோ வேலப்பாடு பண்ணிட்டு, உயிர வெக்க மறந்துட்டான். கப்பல்ல உப்புக்காத்து பட்டு செத்துப்போன சரக்கு. சொல்தாகிட்ட சொல்லிடுங்க, இத வெச்சு ஒண்ணும் ஆவாது."

நயினார் நெடுமூச்சு விட்டார். "நீ சொன்னா சரி மேஸ்திரி. இன்னா பண்றது, நமக்குக் குடுத்து வெக்கல" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

கீழே வைத்த சுருட்டிலிருந்து நீலமாக ஒரு புகை மட்டும் எழுந்து என் பக்கம் வந்தது. அத்தனை வருஷம் புகையிலை நாற்றத்தில் கிடந்தவள், அது புகையிலை என்றே நம்பவில்லை. எங்கேயோ மல்லாட்டை வறுக்கிறார்கள் என்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

"மேஸ்திரி, இது செத்த சரக்கு இல்ல. வாசன வருது" என்றேன். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"இன்னா வாசன?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. "அப்ப நீ இழு."

கல்யாணமாகாத பெண், நாலு பேர் நடுவில் சுருட்டு பிடிப்பதா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூட்டை அடுக்கிய கொட்டகையை நினைத்துக்கொண்டேன். வாங்கி வாயில் வைத்தேன். "உள்ளுக்கு இழுக்காத, வாயிலயே வெச்சிருந்து வுடு. பொறுமையா" என்றார் மேஸ்திரி.

இயேசுவே! புகை வந்ததே தெரியவில்லை. அவ்வளவு மெத்தென்று வந்து நாக்கின்மேல் உட்கார்ந்தது. காரம் இல்லை, ஆனால் வாய் காலியாகவும் இல்லை. முதலில் வறுத்த மல்லாட்டைத் தோல். விட்ட பிறகு, பால் காய்ச்சிய பானையின் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அந்த ஏடு. எல்லாம் போன பிறகு மூக்கு நுனியில் மட்டும் ஒரு மிளகு. நான் சொல்லச் சொல்ல மேஸ்திரி என் வாயையே பார்த்தார். சாம்பல் விரல்கணு நீளத்துக்கு வெள்ளையாக நின்றது, விழவேயில்லை.

மேஸ்திரி சட்டென்று எழுந்து போய், கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த உப்புக் கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பச்சைமிளகாயைக் கடித்தார். நின்று மென்றார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. மிளகாயினால் இல்லை.

"காரந்தான் தெரியுது. மத்தது எதுவும் தெரியல. என் நாக்கு செத்துப்போச்சு மேரி. சரக்கு சாவல, நாந்தான் செத்துப்போயிட்டேன்."

எத்தனை வருஷ இருமல் அது! அந்த இருமலை நாங்கள் முத்திரை மாதிரி எதிர்பார்த்துக் காத்திருந்தோம். அதை வரவழைத்த காரப் புகைதான் கொஞ்சம் கொஞ்சமாக அவர் நாக்கைத் தின்றிருக்கிறது. சுருட்டு நல்லது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை, டாக்டர் பெண்ணே. அவர் நாக்கை எடுத்துக்கொண்டதும் அதுதான்.

வேறு மேஸ்திரியாக இருந்தால் மானம் போயிற்று என்று, கப்பல் காற்று, உப்புக்காற்று என்றே சாதித்திருப்பார். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நயினாரிடம் போனார். "சொல்தாவுக்குச் சொல்லி அனுப்ப வேணாம். செய்யலாம். என் கையி, இவ நாக்கு" என்றார். அதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

அவலூர்பேட்டைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் புகையிலை போடுவார்கள். மேஸ்திரி அங்கே போய், எருவுக்கு ஒதுக்கியிருந்த அடியிலையைக் கேட்டார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வண்டி நிறைய ஏற்றிவிட்டார்கள். காரம் போய்விட்டது என்று எங்கள் கொட்டகை மூலையில் பழைய புகையிலைச் சிப்பம் ஒன்று கிடந்தது. அதையும் பிரித்தார். வெல்லத் தண்ணீரை நிறுத்தினார். திணிப்பதை நிறுத்தி, எல்லோரையும் கொசுவம் மடிக்கவைத்தார். வருஷக்கணக்கில் திணித்த கைகள் மடிக்கப் படாதபாடு பட்டன. மடித்தது, உருட்டியது, காதில் வைத்துக் கேட்டது எல்லாம் அவர். பற்றவைத்துச் சொன்னது நான்.

"கசக்குது."

"முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால. நாக்கோட அடியில."

உடனே ஓர் இலையை உருவிவிட்டு வேறு வைப்பார். எதை உருவ வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஏன் என்று எனக்குத் தெரியாது. நான் சுருட்டு பிடிப்பதாகத் தெருவில் ஒருத்தி வீட்டில் வத்திவைத்து, எங்கள் ஆயா, நைனாவின் அம்மா, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, "அந்த அடி எல சுருட்டு ஒண்ணு இருந்தா குடுடி" என்று கேட்டது வேறு கதை.

பொங்கல் கழித்துச் சொல்தா வந்தார். எங்கள் சுருட்டை நீட்டினோம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பற்றவைத்தார். நாங்கள் பழக்க தோஷத்தில் அவர் தொண்டையைப் பார்த்தோம். இருமல் வரவில்லை. வராததுதான் நல்லது என்று எங்களுக்கே நினைவுபடுத்திக்கொண்டோம். பாதி வரைக்கும் அந்த மனுஷர் அவசரமில்லாமல் இழுத்தார்.

"இது கியூபா இல்ல" என்றார்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"செஞ்சி. ஆனா நல்லா இருக்குது. இன்னொண்ணு இருந்தா குடுங்க, பஸ்ஸுக்கு ஆவும்."

கொட்டகைக்குள் மல்லாட்டை மூட்டை வரவில்லை. நயினாருக்கு மகிழ்ச்சியைக் காட்டத் தெரியாது. மூக்கிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, கொட்டகையின் நடுவில் நின்று ஒருதரம் நன்றாக மூச்சு இழுத்தார். அவ்வளவு போதாதா? அன்றிலிருந்து நான்தான் ருசி பார்ப்பவள். பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, நைனாவை நல்லபடியாக அனுப்பிவைத்தேன். எல்லாம் அந்தக் கொட்டகைச் சம்பளத்தில்தான்.

இனிதான் ஆசைக்குப் பிடித்த சுருட்டு. மேஸ்திரி வேலையை விட்டு நிற்கப்போவதாகக் கேள்விப்பட்டுச் சொல்தா ஒரு நாள் வந்தார். அதே தகரக் குழாய். "இது மாதிரிக்கு இல்ல மேஸ்திரி, உங்களுக்கு" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். முழுச் சுருட்டு. வெட்டத் தேவையில்லை, பிரிக்கத் தேவையில்லை.

மத்தியானக் கஞ்சி முடிந்ததும் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு அதை நீட்டினார்.

"உங்களுக்குக் குடுத்தது மேஸ்திரி" என்றேன்.

"எனக்குக் குடுத்து இன்னா புண்ணியம், வாழச்சருகுதானே? நீ புடி. அன்னிக்குப் பாதிதான் புடிச்ச, அதுவும் பயந்துகினே புடிச்ச. இன்னிக்கு ஆசையாப் புடி. புடிச்சு எனக்குச் சொல்லு."

எதிரே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அஞ்சலைகூடக் கேலி பேசாமல் பலகையைத் தள்ளிவைத்தாள். நான் பற்றவைத்தேன்.

"காய்ஞ்ச வைக்கோல் மேஸ்திரி. வெயில்ல கெடந்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டாருவோமே, அது."

"ம்."

"இப்ப மல்லாட்டத் தோலு. ரொம்ப வறுக்கல. பொறிஞ்ச பதம்."

"ம்."

"பாலேடு வந்துட்டுது. அதுக்கு அடியில ஏதோ மரவாசன. எங்க கோயில்ல பூச உடுப்பு வெக்கிற பொட்டி தொறந்தா வருமே, அந்த மாதிரி."

நான் புகையை விடும்போதெல்லாம் அவரும் வாயைக் குவித்து மூச்சை விட்டார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு கண்ணைத் திறக்காமலே, மெதுவாக, "இரு மேரி, அவசரப்படாத. மல்லாட்டத் தோலு இப்பத்தான் வருது" என்றார்.

நிஜமாகவே வந்ததா, என் மனசுக்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கண்ணீர் விழுந்து நெருப்பு அணைந்துவிடப் போகிறதே என்று சுருட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். சாம்பலைத் தட்டாமல், இன்னும் மெதுவாக இழுத்தேன். அவருக்குப் பாலேடு வரைக்கும் வர வேண்டுமே.